ராக்காயியும் நூறு மில்லி தண்ணியும்

எங்க வீட்டுல ராக்காயின்னு ஒரு பூனை இருந்துச்சு. 2024 மார்கழியில செத்துப்போச்சு. பதினைஞ்சு வயசு முடியப் போற நேரம். காடு கரைன்னு சுத்துற நாட்டுப் பூனைக்கு அது பெரிய வயசுதான்.

ஒரு பூனை செத்ததுக்கா இம்புட்டு எழுதுறேன்னு எங்க ஊர்க்காரங்க கேப்பாங்க. கேக்கட்டும். கடைசி எட்டு மாசம் கிட்னி கெட்டுப்போன அந்தப் பூனையோட கெடந்ததுல நான் சில விசயம் கத்துக்கிட்டேன். வயசான பூனை வச்சிருக்கிற டவுன்காரங்களுக்கு அது பயன்படும். மூணு இடத்துல நான் தப்புப் பண்ணினேன். அதையும் மறைக்காமச் சொல்லிடுறேன்.

எங்க ஊரு மேலூர் பக்கம். பெரியாறு பாசனத்துல பேரணையில இருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். கள்ளந்திரிக்குக் கீழ இருக்கிற நாங்க ஒருபோகம். கால்வாயில தண்ணி விட்டா ஒரு வெள்ளாமை, அவ்வளவுதான். அந்த ஒரு போகத்து நெல்லுலதான் வித்தது போக மிச்சத்தை வச்சு வருசம் பூராத் திங்கணும். வீட்டுல நெல்லு இருந்தா எலி வரும். எலி வந்தா பூனை வேணும். இது நேத்து இன்னிக்கு ஆரம்பிச்ச சங்கதி இல்ல. சைப்ரஸ் தீவுல 9,500 வருசத்துக்கு முந்தின ஒரு புதைகுழியில, மனுசனுக்குப் பக்கத்துலேயே ஒரு பூனையையும் புதைச்சிருந்ததைக் கண்டுபிடிச்சு 2004-ல வெளியிட்டாங்க. அந்தத் தீவுல பூனையே கெடையாதாம். வெள்ளாமை செய்யப் போனவங்க படகுல கூட்டிட்டுப் போயிருக்காங்க. தானியம் சேத்து வச்சவன் வீட்டுலதான் பூனை மொதல்ல ஒட்டிக்கிச்சு.

ராக்காயியும் அப்படித்தான் வந்துச்சு. 2010 தை அறுப்பு. களத்துல வைக்கோல் படப்புக்குள்ள நாலு குட்டி கெடந்துச்சு. தாயைக் காணோம். மூணு தங்கல. வரி போட்ட சாம்பல் கலர்க் குட்டி ஒண்ணு மட்டும் தங்குச்சு. ராத்திரி பூரா சுத்துதேன்னு எங்க ஆத்தா அதுக்கு ராக்காயின்னு பேரு வச்சாங்க. அழகர்மலைக்கு மேல நூபுர கங்கைகிட்ட இருக்கிற அம்மன் பேரு. எங்க பக்கம் பொம்பளைப் பிள்ளைகளுக்கு அந்தப் பேரு நெறைய உண்டு. ஆத்தா போய் ஆறு வருசமாச்சு. பூனை இருந்துச்சு.

பத்துப் பன்னிரண்டு வருசம் நல்லா வேலை செஞ்சுச்சு. மூட்டை அடுக்கியிருக்கிற அறையில ஒரு எலி தங்காது. நான் அதை மடியில வச்சுக் கொஞ்சினதெல்லாம் இல்ல. வேலை செய்யுற ஜீவன், மிச்சச் சோறு திங்குது, அப்படித்தான் வச்சிருந்தேன். மாட்டையும் அப்படித்தான் வச்சிருந்தேன். அந்தக் கதையையும் இங்க சொல்லணும். 2016-ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சுப் போயி, 2017 சனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அரசாங்கம் அறிவிச்சாங்க. வைக்கோல் வாங்கக் காசு இல்ல. எங்கிட்ட பதிமூணு வருசம் உழுத ஒரு சோடி மாடு இருந்துச்சு. வயசாகி ஏருக்கு ஆகாத நெலமை. யாவாரிகிட்ட பிடிச்சுக் குடுத்துட்டேன். எங்க போகும்னு எனக்குத் தெரியும். லாரியில ஏத்துறப்ப நான் வீட்டுக்குள்ள போயிட்டேன். அதை இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் பெருசாப் பேசினது இல்ல.

சரி, பூனைக்கு வரேன்.

2024 மாசி மாசத்துல இருந்தே ராக்காயி மாட்டுத் தொட்டியில ஏறி நின்னு தண்ணி குடிக்க ஆரம்பிச்சுச்சு. குடிச்சா லேசுல எறங்காது. நக்கிக்கிட்டே நிக்கும். வெயிலு ஆரம்பிச்சிருச்சு, குடிக்குதுன்னு நெனச்சேன். இது நான் பண்ணின மொதத் தப்பு. சித்திரைத் திருவிழாவுக்கு மக சென்னையில இருந்து வந்தா. பூனையைத் தூக்கிப் பாத்துட்டு, "என்னப்பா இது, எலும்பும் தோலுமா இருக்கு"ன்னா. தொட்டியில தண்ணி குடிக்கிறதைப் பாத்துட்டு, "இது கிட்னியா இருக்கும்ப்பா, டாக்டர்கிட்டக் காட்டுங்க"ன்னா. அவகூட வேலை பாக்குற பிள்ளை வீட்டுப் பூனைக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுச்சாம்.

பூனை பாலைவனத்து வம்சம். அதோட மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. எலி, ஓணான்னு அது திங்கிற இரையில இருக்கிற ஈரமே அதுக்குப் பெரும்பகுதி போதும். உடம்புல இருக்கிற தண்ணியை விடாம, மூத்திரத்தை ரொம்பக் கெட்டியாக்கி வெளிய விடுற கிட்னி அதுக்கு. அதனாலதான் நல்லா இருக்கிற பூனை தண்ணி குடிக்கிறதை நாம அபூர்வமாத்தான் பாப்போம். கிட்னி கெட ஆரம்பிச்சா அந்தக் கெட்டியாக்குற வேலைதான் மொதல்ல போகுது. மூத்திரம் தண்ணியாப் போகுது. போனதை ஈடு கட்ட அது குடிச்சுக்கிட்டே இருக்கு. குடிக்கிறதாலதான் மூத்திரம் போகுதுன்னு நாம நெனப்போம். நடக்குறது தலைகீழ். போறதாலதான் குடிக்குது.

எங்க ஊரு கால்நடை மருந்தகத்து டாக்டர் நல்ல மனுசன். தொட்டுப் பாத்துட்டு, "அண்ணே, ரத்தம் பாக்காம நான் எதுவும் சொல்லக் கூடாது. மதுரைக்குக் கொண்டு போங்க"ன்னாரு. மதுரையில தல்லாகுளத்துல அரசு கால்நடை பன்முக மருத்துவமனை இருக்கு. திருப்பரங்குன்றத்துல கால்நடைப் பல்கலைக்கழகத்தோட மையம் இருக்கு. தனியார் டாக்டர்களும் இப்ப நெறைய வந்துட்டாங்க. மகளுக்குத் தெரிஞ்சவங்க சொன்ன ஒரு டாக்டரம்மாகிட்ட நான் போனேன். ஒயர் கூடையில பழைய சேலையை விரிச்சு, மேல துண்டைக் கட்டி, டிவிஎஸ் எக்ஸெல்லுல முன்னாடி வச்சுக்கிட்டு மாட்டுத்தாவணி வழியாப் போனேன். வழி நெடுக அது கத்துன கத்துல, சிக்னல்ல நின்னவங்க எல்லாம் பிள்ளையைக் கடத்திட்டுப் போறேன்னு நெனச்சிருப்பாங்க.

ரத்தம் எடுத்தாங்க. எடை பாத்தாங்க. நாலு கிலோ இருந்த பூனை 2.8 கிலோ. கிரியாட்டினின் 4.3-னு வந்துச்சு. டாக்டரம்மா ஒரு தாள்ல எழுதிக் காட்டினாங்க. பூனைக்கு அது 1.6-க்குக் கீழ இருக்கணும். 2.9-ல இருந்து 5 வரைக்கும் மூணாவது கட்டம். 5-ஐத் தாண்டினா நாலாவது, அதுக்கு மேல கட்டம் இல்ல. இன்னொண்ணும் சொன்னாங்க. கிட்னியில ஏறக்குறைய முக்கால் பங்கு வேலை செய்யாமப் போன பெறகுதான் ரத்தத்துல இந்தக் கணக்கு நல்லா ஏறிக் காட்டுமாம். அது வரைக்கும் மிச்சம் இருக்கிற கொஞ்சம், எல்லா வேலையையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகும். பூனையும் வெளிய காட்டாது.

"குணமாக்க முடியுமாம்மா?"ன்னு கேட்டேன். "போனது திரும்பி வராதுங்கய்யா. இருக்கிறதை வச்சு ஓட்டலாம்"ன்னாங்க.

அப்புறம் அவங்க விளக்கிச் சொன்னது எனக்கு உடனே புரிஞ்சுச்சு. ரத்தத்துல யூரியா கூடியிருக்கு, பாஸ்பரஸ் கூடியிருக்கு, பொட்டாசியம் கொறைஞ்சிருக்குன்னாங்க. நமக்கு இது என்ன புதுசா? தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. வயலுக்குப் போடுற மூணும் பூனை உடம்புக்குள்ளயும் ஓடுது. வெளிய போக வேண்டிய யூரியாவும் மணிச்சத்தும் உள்ளயே தங்குது. உள்ள இருக்க வேண்டிய சாம்பல் சத்து மூத்திரத்தோட ஓடுது. யூரியா தங்கினா வயித்தைப் பெரட்டும், வாந்தி வரும், வாயில புண்ணு வரும், மூச்சுல ஒரு நாத்தம் அடிக்கும். மணிச்சத்து தங்கினா மிச்சம் இருக்கிற கிட்னியையும் சேத்துக் கெடுக்கும். சாம்பல் சத்து கொறைஞ்சா தசையில வலு இருக்காது. ராக்காயி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நடந்ததுக்கு அதுவும் ஒரு காரணமாம். மதகு கெட்ட கம்மாய் மாதிரின்னு வச்சுக்கங்க. தண்ணி நிக்க மாட்டேங்குது, வண்டல் போக மாட்டேங்குது.

அப்பத்தான் நான் ரெண்டாவது தப்பை அவங்ககிட்டச் சொன்னேன். அதுக்கு முந்துன வருசம் ராக்காயி பின்னங்காலை நொண்டிக்கிட்டு வந்துச்சு. என் முட்டிவலிக்கு வாங்கி வச்சிருந்த டைக்ளோபினாக் மாத்திரையைக் கால் துண்டா ஒடிச்சு, கருவாட்டுக்குள்ள வச்சு மூணு நாள் குடுத்தேன். நொண்டல் நின்னுச்சு. நான் பெரிய வைத்தியன்னு நெனச்சுக்கிட்டேன். டாக்டரம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "வயசும் காரணமா இருக்கலாம், அதுவும் காரணமா இருக்கலாம். இப்பப் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்கய்யா. இனிமே குடுக்காதீங்க"ன்னாங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவல.

இந்த மாத்திரையைப் பத்தி ஒரு விசயம் கட்டாயம் சொல்லணும். என் சின்ன வயசுல ஊருக்கு வெளிய செத்த மாட்டைப் போட்டா பிணந்தின்னிக் கழுகு வந்து எறங்கும். பெறகு அதுக காணாமலே போச்சு. நாடு பூரா அப்படித்தான். காரணம் இந்த டைக்ளோபினாக். வலிக்கு இந்த ஊசி போட்ட மாடு செத்து, அந்தக் கறியைத் தின்ன கழுகுகளுக்குக் கிட்னி செயலிழந்து கூட்டங்கூட்டமாச் செத்துச்சு. 2004-ல அதைக் கண்டுபிடிச்சு எழுதினாங்க. 2006-ல மாட்டுக்கு அந்த மருந்தைப் போடக் கூடாதுன்னு இந்தியாவுல தடை வந்துச்சு. இப்பத் தமிழ்நாட்டுல கழுகைக் கூட்டமாப் பாக்கணும்னா முதுமலைக்குப் பக்கத்துல மாயாறு பள்ளத்தாக்குக்குத்தான் போகணும். தடை செஞ்ச சேதி எனக்குத் தெரியும். மாட்டுக்குத்தானேன்னு நெனச்சேன். மனுசன் மாத்திரை பூனைக்கு வேறயா வேலை செய்யும்னு தோணல. பாரசிட்டமால் அதைவிட மோசம். நாம சுரம்னா போடுற அந்தச் சாதா மாத்திரை ஒண்ணே போதும், பூனையோட ரத்தத்தையும் ஈரலையும் கெடுத்துக் கொன்னுடும். டவுன்ல இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. பூங்கொத்துல வர்ற பெரிய லில்லிப் பூவை வீட்டுல வைக்காதீங்க. அதோட மகரந்தம் மேல ஒட்டி, பூனை நக்கினாலே கிட்னி போயிரும்.

வைத்தியம்னு பாத்தா பெரும்பாலும் தண்ணிதான். ரிங்கர் லாக்டேட்னு ஒரு பாட்டில். மனுசனுக்கு ஏத்துற அதே பாட்டில்தான், மெடிக்கல் கடையில கெடைக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நூறு மில்லி. நரம்புல இல்ல, தோலுக்கு அடியில. ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல பூனைத் தோலு தளர்வா இருக்கும். தாய்ப் பூனை குட்டியைக் கவ்வுற எடம். அதைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடிச்சு, அடியில ஊசியைச் சொருகி, பாட்டிலை ஒசரத்துல தொங்க விட்டா அஞ்சு பத்து நிமிசத்துல எறங்கிடும். தோலுக்கு அடியில தண்ணிப் பாக்கெட் வச்ச மாதிரி ஒரு வீக்கம் நிக்கும். பைய முன்னங்கால் பக்கம் எறங்கி, சில மணி நேரத்துல உடம்பு இழுத்துக்கும். டாக்டரம்மா மூணு தடவை செஞ்சு காட்டினாங்க, நாலாவது தடவை என்னையே செய்ய வச்சாங்க.

மாட்டுக்கு ஊசி போட்ட கைதான் எனக்கு. ஆனா பூனைக்குப் போடுறப்ப கை நடுங்குச்சு. வீட்டுல வச்சு மொதத் தடவை குத்தினது தோலுக்கு இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் வந்துருச்சு. மருந்து பூரா என் கைலியில. வீட்டுக்காரம்மா, "ஏங்க, அதுக்கு ஏத்துறீகளா, ஒங்களுக்கு ஏத்துறீகளா"ன்னு சிரிச்சா. ரெண்டு வாரத்துல பழகிருச்சு. பழகினப்ப நான் கண்டுக்கிட்டது: பாட்டிலை மிதமான சுடுதண்ணியில கொஞ்ச நேரம் வச்சு வெதுவெதுப்பாக்கி ஏத்தினா பூனை நடுங்காது. ஒவ்வொரு தடவையும் புது ஊசி போடணும், பழைய ஊசி மழுங்கிப்போயி வலிக்கும். ஏத்துறப்ப அதுக்குப் பிடிச்சதை முன்னாடி வச்சிரணும். ஆனா இதை டாக்டர் சொல்லாம யாரும் தானா ஆரம்பிக்கக் கூடாது. இதயம் சரியில்லாத பூனைக்கு ஏத்தினா நெஞ்சுல தண்ணி கோத்து மூச்சுத் திணறும்.

அடுத்தது சோறு. இதுல எங்க வீட்டு வழக்கம் எல்லாமே தப்பா இருந்துச்சு. பூனைன்னா மீன் தலை, கருவாடு, பாலு. மீன் தலையிலயும் முள்ளுலயும் மணிச்சத்து ரொம்ப. நெத்திலியை முழுசாத் திங்கிறப்ப முள்ளும் சேந்துதான் போகுது. கருவாட்டுல அதோட உப்பு வேற. பாலுலயும் மணிச்சத்து உண்டு, போதாததுக்கு வளந்த பூனை பலதுக்குப் பாலு செரிக்கவும் செய்யாது. கிட்னிக்குன்னே தனித் தீனி வருது. ரெண்டு கிலோ மூட்டை ரெண்டாயிரம் ரூபாய்க்கு மேல. கட்டுபடியாகாதுன்னு சொன்னேன். டாக்டரம்மா கோவிச்சுக்கல. முள்ளு எடுத்த மீன், எலும்பு இல்லாத கோழி, அவிச்ச முட்டையில வெள்ளைக்கரு மட்டும், இதை அளவா சோத்தோட பெசைஞ்சு தண்ணி தூக்கலாக் குடுங்கன்னாங்க. முட்டையில மணிச்சத்து மஞ்சள்லதான் இருக்கு, வெள்ளையில இல்லாத மாதிரித்தான். அதோட ஒரு மருந்து எழுதிக் குடுத்தாங்க. சோத்துல கலந்து குடுத்தா மணிச்சத்தைக் குடல்லயே பிடிச்சு வெளிய அனுப்பிரும். சாம்பல் சத்துக்கு ஒரு மருந்து, வாந்திக்கு ஒரு மாத்திரை. பூனை எதையுமே திங்காமக் கெடந்தா அது எல்லாத்தையும்விட ஆபத்து, அப்பக் கணக்குப் பாக்காம எதைத் திங்குதோ அதைக் குடுங்கன்னும் சொன்னாங்க. தண்ணிக்கு வீட்டைச் சுத்தி அஞ்சு எடத்துல மண்சட்டி வச்சோம்.

மாசம் எண்ணூறு, ஆயிரம் ஆச்சு. சில மாசம் கூட. எங்க மாதிரி ரெண்டு ஏக்கர்க்காரனுக்கு அது சும்மா இல்ல. டீக்கடையில சேதி பரவிருச்சு. "என்ன மாமா, பூனைக்குக் குளுக்கோஸ் ஏத்துறீங்களாமுல்ல"ன்னு ஒருத்தன். எங்க பங்காளி ஒருத்தரு, "எலி பிடிக்காத பூனைக்கு எதுக்குடா இம்புட்டுச் செலவு? அது பாட்டுக்குப் போயிரும், விடு"ன்னாரு. அவரு கெட்ட மனுசன் இல்ல. எங்க ஊருல அதுதான் வழக்கம். பூனைக்கு முடியலைன்னா ஒரு நாள் கண்ணுல படாமப் போயிரும், யாரும் தேட மாட்டாங்க. நானும் நாலஞ்சு பூனையை அப்படி விட்டவன்தான். அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. சிரிச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். வர்ற வழியில அந்த மாட்டு நெனப்பு வந்துச்சு. ஏருக்கு ஆகாத மாடு, எலி பிடிக்காத பூனை. கணக்கு ஒண்ணுதான். அந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாத்தவன் நான். லாபம் வரல. பதிமூணு வருசம் உழுததுக்கு வெலை இவ்வளவுன்னு ஒருத்தன் கையில எண்ணிக் குடுத்த காசு வந்துச்சு, அம்புட்டுத்தான்.

வைத்தியம் கேட்டுச்சு. ஆனி பொறக்குறப்ப வாந்தி நின்னுச்சு. ஒடம்பை நக்கிச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சுச்சு. மயிரு முள்ளு முள்ளா நின்னது படிஞ்சுச்சு. ஆடியில எடை மூணு கிலோ. ரத்தத்துல 3.4. டாக்டரம்மா எங்களைவிடச் சந்தோசப்பட்டாங்க. புரட்டாசியில கால்வாய்க்குத் தண்ணி வந்து, நாத்துப் பாவி, நடவுன்னு வேலை நெருக்கினப்பவும் ஒரு நாள் தவறாம ஏத்தினோம். நான் வயல்ல இருந்து வர லேட்டானா, பாட்டில் தொங்குற ஆணிக்குக் கீழ அது வந்து உக்காந்திருக்கும். ஊசிக்குத்தான் காத்திருக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஊசிக்கு முன்னாடி வைக்கிற கோழித் துண்டுக்குத்தான். ஐப்பசியில ஒரு நாள் விடியக்காலம் வாசல்படியில ஒரு சுண்டெலி செத்துக் கெடந்துச்சு. பக்கத்துல ராக்காயி. வீட்டுக்காரம்மா அந்த எலியை ரொம்ப நேரம் எடுத்துப் போடாம வச்சிருந்தா. பங்காளிக்குக் காட்டணுமாம்.

கார்த்திகைக் கடைசியில மாறுச்சு. மொதல்ல கோழியை ஒதுக்குச்சு. அப்புறம் எல்லாத்தையும். வாயில புண்ணு, எச்சில் ஒழுகுச்சு. தண்ணிச் சட்டிக்கு மேல மூஞ்சியை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும், குடிக்காது. கூடையில வச்சு மதுரைக்குப் போனேன். 9.1. எடை 2.3. மூணு நாள் நரம்பு வழியாத் தண்ணி ஏத்திப் பாத்தாங்க. எறங்கல. நாலாவது நாள் டாக்டரம்மா, "ஐயா, இனிமே செய்யுறது அதுக்காக இல்ல, நமக்காகத்தான். நீங்க சொன்னா வலி இல்லாமத் தூங்க வச்சு அனுப்பிரலாம். வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க"ன்னாங்க.

எனக்குச் சுருக்குனு ஆச்சு. முடியாதும்மான்னுட்டேன். ஒரு ஜீவனைச் சாகுறதுக்குப் பிடிச்சுக் குடுக்கிறது ஒரு தடவை போதும்னு தோணுச்சு. களத்துல பொறந்தது, வீட்டுலயே நிம்மதியாக் கண்ணை மூடட்டும்னு தூக்கிட்டு வந்துட்டேன். இதுதான் மூணாவது தப்பு.

நிம்மதியெல்லாம் இல்ல. பூனை தூங்குற மாதிரியே போயிரும்னு நாம நெனச்சுக்கிறோம். உடம்பு பூரா யூரியா ஏறினா அப்படி நடக்காது. ரெண்டு நாள். வெறும் வயித்துல உமட்டிக்கிட்டே இருந்துச்சு. நிக்க முடியல. ரெண்டாவது ராத்திரி காலு இழுத்துச்சு. மார்கழிக் குளிரு, சாக்கை சூடு காட்டிச் சுத்தி வச்சும் ஒடம்பு ஜில்லுன்னு இருந்துச்சு. அது கத்தல, அதான் எனக்குத் தாங்கல. எக்ஸெல்லுல போறப்ப அந்தக் கத்துக் கத்துன பூனை. விடியுறதுக்கு முன்னாடி வீட்டுக்காரம்மா சொன்னா, "மாட்டை ஏத்தி விட்டதுக்கு இதை இழுக்க விடாதீங்க. அது வேற, இது வேற." அவளுக்குத் தெரியும்னு எனக்கு அப்பத்தான் தெரியும். ஏழு வருசம் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினவ இல்ல.

அன்னிக்குக் காலையில அவளும் வந்தா. கூடையை மடியில வச்சுக்கிட்டுப் பின்னாடி உக்காந்தா. மொதல்ல ஒரு மயக்க ஊசி போட்டாங்க. ரெண்டு நிமிசத்துல ஒடம்பு தளர்ந்து, உமட்டல் நின்னுச்சு. ரெண்டு நாளைக்குப் பெறகு மொதத் தடவையா அது சும்மா படுத்திருந்துச்சு. அப்புறம் இன்னொரு ஊசி. நான் கையை எடுக்கல. தோள்பட்டைக்கு நடுவுல, எட்டு மாசமா ஊசி குத்துன எடத்துல என் கை இருந்துச்சு. லாரி ஏத்துனப்ப வீட்டுக்குள்ள போன மாதிரி இந்தத் தடவை போகல. அதுக்காக மாட்டுக் கணக்கு தீந்துருச்சுன்னு நான் சொல்லல. அது தீராது.

களத்துமேட்டுல படப்பு போடுற எடத்துக்குப் பக்கத்துல புதைச்சோம். பங்காளி மம்பட்டியோட வந்து குழி வெட்டினாரு. ஒண்ணும் பேசல.

இப்பத் தை அறுப்பு முடிஞ்சு நெல்லு வீட்டுக்கு வந்திருச்சு. ராத்திரி மூட்டைக்குப் பின்னாடி சரசரன்னு சத்தம் கேக்குது. வேற குட்டி ஒண்ணு பாக்கணும்னு வீட்டுல சொல்றா. பாப்போம். ஆணியில தொங்கின பாட்டில்ல பாதி மிச்சம் இருந்துச்சு. அதை வேப்பங்கண்ணுக்கு ஊத்திட்டேன்.

உங்க வீட்டுல ஏழெட்டு வயசு தாண்டின பூனை இருந்தா, வருசத்துக்கு ஒரு தடவை ரத்தமும் மூத்திரமும் பாத்துருங்க. அதோட எடையை மாசம் ஒரு தடவை போட்டுக் குறிச்சு வைங்க. பிள்ளைக்கு எடை பாக்குற மாதிரி, நீங்க ஒரு தடவை தனியா நின்னு, ஒரு தடவை பூனையைத் தூக்கிட்டு நின்னு கழிச்சுப் பாத்தாப் போதும். தண்ணிக் கிண்ணம் சீக்கிரம் காலியாகுதான்னு பாருங்க. காலியானா, வெயிலுன்னு நெனச்சுக்கிட்டு இருந்துராதீங்க.